பாட் மிட்ஸ்வா விருந்தில் கைவேலை மேசை: முதலில் கிழமையைக் கேளுங்கள்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடிவந்த மூன்றாம் வருடம், எதிர்வீட்டுக்காரம்மா ஓர் உதவி கேட்டு வந்தார். மகளுக்கு பாட் மிட்ஸ்வா வருகிறது, விருந்துக்கு 60 பிள்ளைகள் வருவார்கள். எங்கள் வீட்டு கொலுவுக்கு வந்திருந்தபோது சிறுமிகளைத் தரையில் உட்காரவைத்து பாசிமணித் தோரணம் கோக்க விட்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். “அதுமாதிரி ஒரு மேசை எங்களுக்கும் போட்டுத் தர முடியுமா?” என்றார். அதிலென்ன இருக்கிறது, செய்துவிடலாம் என்றேன். அன்று ராத்திரியே இணையத்தில் படம் பார்த்து 15 கைவேலைகளைப் பட்டியல் போட்டேன். மறுநாள் காட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே பாதியை அடித்துவிட்டார். காரணம், விருந்து சனிக்கிழமை மதியம்.

அதற்கப்புறம் ஐந்தாறு வீடுகளுக்கு மேசை போட்டாயிற்று. இப்படி ஒரு அழைப்பு வந்து, எங்கே ஆரம்பிப்பது என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விழாவைப் பற்றி இரண்டு வார்த்தை. பாட் மிட்ஸ்வா யூதக் குடும்பங்களின் விழா, எபிரேயத்தில் ‘கட்டளையின் மகள்’ என்று பொருள். சமயக் கட்டளைகளுக்கு ஒரு பெண் தானே பொறுப்பேற்கும் வயது வந்துவிட்டதைக் குறிக்கும் நாள். மரபை இறுக்கமாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் அந்த வயது 12. நடுவழியில் போகும் கன்சர்வேடிவ், இன்னும் தளர்வான ரிஃபார்ம் பிரிவுக் குடும்பங்களில் 12 அல்லது 13. பையன்களுக்கு 13 வயதில் நடப்பது பார் மிட்ஸ்வா. நம்மவர்கள் சிலர் இதை மஞ்சள் நீராட்டு விழாவோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்த ஒப்பீட்டை மேசையில் வைத்துப் பேசாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் கொண்டாடப்படுவது அந்தப் பெண் படித்த படிப்பு. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, சபைமுன் நின்று, யூத வேதமான தோராவிலிருந்து தனக்கு வந்த பகுதியை ராகத்தோடு வாசித்து, அதைப் பற்றி ஒரு சிற்றுரையும் ஆற்றுவாள். நம் ஊர் அரங்கேற்றம் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வா என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் நடந்தது. ரபி (யூத மதகுரு) மோர்டெகாய் கப்லானின் மகள் ஜூடித், 12 வயதில் சபைமுன் வாசித்தாள். டிஜே, புகைப்படக் கூண்டு, கைவேலை மேசை எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

முதல் படி: என்ன கிழமை, எத்தனை மணி, எந்த இடம்

கைவேலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள். ஷபாத் எனப்படும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே தொடங்கி, சனிக்கிழமை இருட்டி வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை நீடிக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடாதவை என்று மரபு 39 வகை வேலைகளை வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, யாரோ கைவேலைக் கடைக்குள் புகுந்து கணக்கெடுத்த மாதிரி இருந்தது. எழுதுவது, அழிப்பது, அளவாக வெட்டுவது, கிழிப்பது, தைப்பது, நெய்வது, சாயம் போடுவது, முடிச்சுப் போடுவது, நெருப்பு மூட்டுவது எல்லாம் அதில் உண்டு. பாலைவனத்தில் வழிபாட்டுக்கென்று ஆசாரிப்புக் கூடாரம் கட்டியபோது செய்த வேலைகளிலிருந்து எடுத்த பட்டியல் அது. கூடாரம் கட்டுவதே கைவேலைதானே, அதனால்தான் அப்படி.

எல்லா வீட்டிலும் இதை ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை. ரிஃபார்ம் குடும்பங்களில் சனிக்கிழமை மதிய விருந்திலேயே மார்க்கரும் கத்தரியும் மேசையில் கிடக்கும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் குடும்பத்துக்கு ஆட்சேபம் இல்லாவிட்டாலும் இடத்துக்கு இருக்கலாம். பல கன்சர்வேடிவ் ஜெபக்கூடங்களில் ஷபாத் அன்று தங்கள் கூடத்துக்குள் எழுதவோ படம் எடுக்கவோ விடமாட்டார்கள். அங்கே வாசலில் வைக்கும் கையெழுத்துப் பலகைகூட நடக்காது. ஆகவே அம்மாவிடம் ஒரு தடவையும், ஜெபக்கூட அலுவலகத்தில் ஒரு தடவையும் கேளுங்கள்.

நான் முதலில் செய்த இன்னொரு தப்பு: ‘அவர்கள்தானே செய்யக்கூடாது, நான் யூதர் இல்லையே, நான் போய் மேசையைத் தயார்செய்து வைக்கிறேனே’ என்று சொன்னது. பக்தியாகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் வேறு ஆளைக் கொண்டு ஷபாத்தில் வேலை வாங்குவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஷபாத் முடிந்தபின் நடக்கப்போவதற்கு ஷபாத்திலேயே ஆயத்தம் செய்வதும் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் சனி இரவு விருந்து என்றால், வெள்ளி மாலைக்குள் எல்லாவற்றையும் அடுக்கி மூடிவிட வேண்டும். இல்லையென்றால் இருட்டியபின் போய் அரக்கப்பரக்க விரிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் டிசம்பரில் மாலை 5 மணி தாண்டியதும் ஷபாத் முடிந்துவிடும். ஜூன் கடைசியிலோ இரவு 9 மணிக்கும் மேல் ஆகும். குளிர்காலத்துச் சனி இரவு விருந்து கைவேலைக்கு வசதியானது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. தேதி இன்னும் முடிவாகவில்லை, உங்களிடம் யோசனை கேட்கிறார்கள் என்றால் ஞாயிறு என்று சொல்லிவிட்டு டீ குடியுங்கள்.

இரண்டாம் படி: யார் உட்காரப் போகிறார்கள்

இந்த விருந்துகளில் பெரும்பாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் வருவார்கள். அந்த ஒரு வருடம் அவர்களுக்குக் கிட்டத்தட்ட வாராவாரம் யாராவது ஒருவரின் பார் மிட்ஸ்வாவோ பாட் மிட்ஸ்வாவோ இருக்கும். புகைப்படக் கூண்டெல்லாம் அவர்களுக்குப் பழசு. ஆடுகிற பிள்ளைகள் டிஜே பக்கம் போய்விடுவார்கள், அவர்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம். ஆடத் தெரியாத, ஆடக் கூச்சப்படுகிற, தோழிகள் கூட்டத்தில் இடம் கிடைக்காத, சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்று எல்லா வகுப்பிலும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மூன்று மணி நேரம் அவர்கள் எங்கே நிற்பது? சுவரோரம் நின்று போனைத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கைவேலை மேசை அவர்களுக்காகத்தான். உட்கார ஒரு நாற்காலி, குனிந்துகொள்ள ஒரு காரணம், பக்கத்தில் இருக்கிறவளிடம் “அந்த நீலத்தை இப்படித் தள்ளு” என்று பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு.

இதைப் புரிந்துகொண்டபின் என் தேர்வு முறையே மாறிவிட்டது. பார்க்க எவ்வளவு அழகு என்பதை இப்போதெல்லாம் கடைசியில்தான் கேட்கிறேன். பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்த் திரும்பவந்து தொடர முடியுமா? யாரும் சொல்லித்தராமல் ஒரு மாதிரியைப் பார்த்தே செய்ய வருமா? பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியுமா, வேண்டுமென்றால் ஒரு மணி நேரமும் இழுக்குமா? வெள்ளை உடையில் பட்டால் போகுமா? இந்த நான்கில் எதற்காவது இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கைவேலையை விட்டுவிடுகிறேன்.

உடை விஷயம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். அன்றைக்கு அந்தப் பெண்கள் போட்டுவருவது புதுச் சட்டை. அக்ரிலிக் பெயிண்ட் ஒருமுறை காய்ந்தால் துணியைவிட்டுப் போகாது. கேன்வாஸ் ஓவியம் வேண்டும் என்று ஒரு வீட்டில் பிடிவாதம் பிடித்தார்கள், ஏப்ரன் எல்லாம் வாங்கி வைத்தோம். நல்ல சட்டைமேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு புகைப்படத்தில் விழ எந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணும் தயாரில்லை. மேசை ஈயாடியது.

பையன்களும் வருவார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ரோஸ் நிறத்தில் வாங்கி அடுக்கிவிட்டால் அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கறுப்பு, சாம்பல், அவர்கள் பள்ளி அணியின் நிறம் என்று கொஞ்சம் சேருங்கள்.

மூன்றாம் படி: அந்தப் பெண்ணிடமே இரண்டு கேள்வி

அம்மாக்கள் விருந்தின் ‘தீம்’ என்ன என்று சொல்வார்கள். கடற்கரை, பாரிஸ், கூடைப்பந்து என்று ஏதாவது இருக்கும். அது இருக்கட்டும். பெண்ணைத் தனியாகப் பிடித்து, உன் தோராப் பகுதி எது, உன் மிட்ஸ்வா திட்டம் என்ன என்று கேளுங்கள். மிட்ஸ்வா திட்டம் என்பது இந்த விழாவை ஒட்டிப் பல பிள்ளைகள் எடுத்துச் செய்யும் ஒரு நற்பணி. விலங்குக் காப்பகம், உணவு வங்கி, மருத்துவமனைக் குழந்தைகள் என்று அவரவர் விருப்பப்படி இருக்கும். இந்த இரண்டு பதிலிலிருந்துதான் நல்ல மேசை வரும்.

தோராவை ஒரு வருடத்துக்குப் பங்கிட்டு வாராவாரம் ஒரு பகுதியாக வாசிப்பார்கள். அதனால் தேதியே பகுதியைத் தீர்மானித்துவிடும். இலையுதிர் காலத்தில் நோவாவின் கதை வரும் வாரம் என்றால் வானவில் நிறங்களே போதும், எதைச் செய்தாலும் பொருந்தும். குளிர்காலத்தில் செங்கடலைக் கடந்த பகுதி வரும். கடந்து முடித்ததும் மிரியம் தம்புரு (நம் கஞ்சிரா மாதிரி தட்டும் கருவி) எடுத்து ஆட, பெண்கள் எல்லோரும் பின்னால் போன கதை அதில் இருக்கிறது. சின்ன மர வளையத் தம்புருகளை வாங்கி, ரிப்பனும் ஸ்டிக்கரும் கொடுத்து அலங்கரிக்கவைத்தால், அடுத்த அரை மணியில் அதைத் தட்டிக்கொண்டே நடனத்துக்குப் போவார்கள். ஆடாத பிள்ளைகள்கூடக் கையில் தம்புரு இருந்தால் ஓரமாக நின்று தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கூடாரத்துக்கு நீலம், ஊதா, சிவப்பு நூல் கொண்டுவரச் சொல்லும் பகுதி என்றால் அந்த மூன்று நிற நூலில் பின்னல் கயிறு.

சில வாரங்களின் பகுதி தொழுநோய், பலிகள், பெயர்ப் பட்டியல் என்று போகும். பாவம் அந்தப் பெண்கள், அதை வைத்தே அருமையாகச் சிற்றுரை எழுதிவிடுவார்கள். கைவேலைக்கு மட்டும் மிட்ஸ்வா திட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நம்பி எடுக்கக்கூடியவை

பாசிமணி வளையல். பழசுதான், ஆனாலும் எனக்கு இதைவிட நம்பிக்கையான வேலை இல்லை. 0.8 மில்லிமீட்டர் எலாஸ்டிக் சரடு, ஆளுக்கு ஒரு அடி வெட்டி வைத்துவிடுங்கள். மணிக்கட்டுக்கு 6 மில்லிமீட்டர் பாசி 25 முதல் 27 வரை பிடிக்கும். 60 பிள்ளைகளுக்கு 1,600 பாசி. இரண்டாவது வளையலும் செய்வார்கள், கீழேயும் கொட்டுவார்கள், அதனால் 2,500 வாங்குங்கள். சரடின் ஒரு முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுத்தால் பாசி உருவிக் கொட்டாது. முடிச்சு மட்டும் பெரியவர் ஒருவர் போட்டுத்தர வேண்டும், ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கினால் அவிழாது.

எழுத்துப் பாசி வைத்தால் கூட்டம் இரண்டு மடங்காகும். பெயர் எழுதுவார்கள், தோழி பெயர் எழுதுவார்கள், யாருக்கும் புரியாத குழூஉக்குறியும் எழுதுவார்கள். ஆங்கில எழுத்துகளில் ‘ஏ’, ‘இ’ இரண்டும் முதலில் தீரும், அவற்றைத் தனியாக வாங்குங்கள். எபிரேய எழுத்துப் பாசியும் கிடைக்கிறது, அதில்தான் கவனம் தேவை. எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும். நம் பழக்கத்தில் இடப்பக்கத்திலிருந்து கோத்தால் பெயர் தலைகீழாகிவிடும். ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வந்தால் வேறு வடிவம் உண்டு. ‘ஷாலோம்’ என்று எழுத வேண்டுமென்றால் கடைசியில் அந்த வேறு வடிவ ‘ம்’ வேண்டும், எல்லோரும் ஷாலோம் எழுதுவதால் அது முதல் அரை மணியில் காலியாகும். ‘தாலெத்’, ‘ரேஷ்’ இரண்டும் பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள். ‘ஹே’ எழுத்தும் ‘ஹேத்’ எழுத்தும் அப்படியே. தமிழ் தெரியாதவரிடம் ‘ர’வையும் துணைக்காலையும் கொடுத்த கதைதான். நீங்கள் தைரியமாகச் சொல்லித்தரப் போகாதீர்கள். விருந்து நாயகியிடம் சொல்லி 20 பெயரும் நாலு சொல்லும் கொட்டை எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கி மேசையில் சாய்த்து வையுங்கள்.

இதில் இன்னொரு சுவையான சங்கதி உண்டு. ‘ஹை’ என்றால் உயிர். அந்தச் சொல்லின் இரண்டு எழுத்துக்கும் எண்மதிப்பு 8, 10, கூட்டினால் 18. அதனால் அன்பளிப்புப் பணம் 18, 36, 180 என்று 18இன் மடங்காக வைப்பார்கள், நாம் 101, 501 மொய் எழுதுகிற மாதிரி. ஒரு நிறத்தில் 18 பாசி, மீதி வேறு நிறம் என்று மாதிரி வளையல் ஒன்று செய்து, பக்கத்தில் ‘18’ என்று மட்டும் எழுதி வைத்தேன். யூதப் பிள்ளைகள் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

ஃப்ளீஸ் போர்வை. மிட்ஸ்வா திட்டத்தோடு சேர இதைவிட நல்லதில்லை. தையலே கிடையாது. இரண்டு ஃப்ளீஸ் துணியை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நான்கு மூலையிலும் 4 அங்குலச் சதுரம் வெட்டி எடுத்துவிட்டு, நாலு பக்கமும் 4 அங்குல நீளத்தில் ஒரு அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி, மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் போர்வை. கடையில் ஒன்றரை கஜம் வாங்கினால் 54க்கு 60 அங்குலம் வரும், அதற்கு 196 முடிச்சு. விருந்தில் அது முடியாது, முடியாமலேதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. நானும் மகளும் திங்கள் இரவு உட்கார்ந்து மீதியை முடித்தோம். இப்போது 36க்கு 30 அங்குலம்தான் வெட்டுகிறேன், குழந்தைப் போர்வைக்குப் போதும். அதில் சரியாக 100 முடிச்சு. நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 25, பேசிக்கொண்டே அரை மணியில் முடித்துவிடுவார்கள். பட்டைகளை வீட்டிலேயே வெட்டிவிட வேண்டும். ஃப்ளீஸை வெட்டப் பெரிய கத்தரி வேண்டும், அதை அந்தக் கூட்டத்தில் வைக்க முடியாது.

போர்வை எங்கே போகும் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ‘ப்ராஜெக்ட் லைனஸ்’ என்ற அமைப்பு 1995 முதல் கையால் செய்த புதுப் போர்வைகளை வாங்கி, நோயுற்ற, துன்பத்தில் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்துவருகிறது. பக்கத்தில் அதன் கிளை இருக்கிறதா, எந்த அளவு ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டுத் துணி வாங்குங்கள். விலங்குக் காப்பகம்தான் அவள் திட்டம் என்றால், மிச்சத் துணியை மூன்று பட்டையாக வெட்டிச் சடை பின்னி இருபுறமும் முடிச்சிட்டால் நாய்களுக்கு இழுத்து விளையாடக் கயிறு. பையன்கள் அதிகம் உட்காரும் வேலை அது. இரண்டுமே முடிச்சு வேலை என்பதால், ஷபாத் பார்க்கும் வீட்டில் சனி மதியம் வேண்டாம்.

நறுமணப் பொட்டலம். ஷபாத் முடியும்போது ஹவ்தாலா என்று ஒரு சிறு சடங்கு செய்வார்கள். திராட்சைரசம், வாசனைப் பொருள், பல திரிகளைப் பின்னிய மெழுகுவர்த்தி. போகிற ஓய்வுநாளின் ஏக்கத்தை ஆற்றத்தான் அந்த வாசனை என்பார்கள். சனி இரவு விருந்து ஹவ்தாலாவோடு தொடங்குகிறது என்றால், பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றையும் கிண்ணங்களில் வைத்து, சின்ன வலைப்பைகளும் குஞ்சக் கயிறும் கொடுங்கள். அவரவர் பையை அவரவர் நிரப்பி, மார்க்கரால் பெயர்ச்சீட்டு எழுதிக் கட்டிக்கொள்வார்கள். ஐந்து நிமிட வேலை, செலவும் குறைவு. கிராம்பு, பட்டை எந்தக் கடையில் மலிவு என்பது நமக்குத் தெரியாதா என்ன? எதிர்வீட்டுக்காரம்மா சூப்பர் மார்க்கெட்டில் சின்னச்சின்னக் குப்பியாக வாங்கப் பார்த்தார், நான் இந்தியக் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோனேன்.

ஹல்லா ரொட்டி மூடும் துணி. ஷபாத் விருந்தில் இரண்டு ஹல்லா ரொட்டிகளை ஒரு துணியால் மூடி வைப்பார்கள். வெள்ளைப் பருத்தித் துணியும் துணி மார்க்கரும் போதும். ஆனால் யூதரல்லாத பிள்ளைகள் இதை எடுத்துக்கொண்டுபோய் என்ன செய்வார்கள்? வந்திருப்பவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் என்றால் எல்லோரும் சேர்ந்து ஒரே பெரிய துணியில் வரைந்து அந்தப் பெண்ணுக்கே பரிசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கிப்பா தொப்பி அலங்கரிப்பதும் இப்படித்தான், குடும்பம் கேட்டால் மட்டும்.

விரல்கள் விரிந்த கை வடிவமான ஹம்சாவும் நடுவில் நீலக் கண்ணும் பல வீடுகளில் பிடிக்கும். கண்ணேறு கழிக்க அதை வைப்பார்கள் என்று கேட்டதும் எனக்கு எங்கள் பாட்டி வாசலில் கட்டிய பூசணிக்காய்தான் நினைவுக்கு வந்தது. மரத்தில் வெட்டிய ஹம்சா துண்டுகளில் மொசைக் ஒட்டலாம். கோந்து காய நேரம் வேண்டும், எனவே விருந்தின் ஆரம்பத்தில் மட்டும்.

ஐந்தாம் படி: வேண்டாதவை

கட்டிச் சாயம் போடும் டை-டை சட்டை மணிக்கணக்கில் ஊற வேண்டும், சொட்டச்சொட்டப் பையில் போட்டுக் கொடுத்தால் காரில் கறை. ஜிகினாத் தூளை மண்டபக்காரர்களே தடைசெய்வார்கள். க்ளூ கன் கூட்டத்தில் வேண்டாம்.

தின்பண்டத்தை அலங்கரிக்கும் மேசையை நான் தொடுவதே இல்லை. யூத உணவு விதிப்படி செய்யும் கோஷர் சமையல் என்றால் வெளியிலிருந்து ஒரு சாக்லேட் தூளைக்கூட நம் இஷ்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், விருந்தில் இறைச்சி இருந்தால் இனிப்பில் பால் சேரக்கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

அந்தப் பெண் தோளில் போட்டுக்கொள்ளும் ‘தாலித்’ என்ற பிரார்த்தனைத் துணியை விருந்தினர் சேர்ந்து வரையலாமே என்று ஒருமுறை யோசனை சொன்னேன். அதை அவளே வீட்டாரோடு வாரக்கணக்கில் செய்வது வழக்கம், அதன் நாலு மூலைக் குஞ்சங்களையும் கட்டளைக்காகக் கட்டுகிறேன் என்ற எண்ணத்தோடு முறைப்படி கட்ட வேண்டும். ஆர்த்தடாக்ஸ் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் தாலித் போடுவதும் இல்லை. மெசூசாவும் அதேபோல்தான்: கதவுநிலையில் பதிக்கும் அந்தக் கூட்டைப் பிள்ளைகள் செய்யலாம், உள்ளே வைக்கும் தோல் சுருளைப் பயிற்சிபெற்ற எழுத்தர்தான் கையால் எழுத வேண்டும். எபிரேய வசனம் அச்சிட்ட தாள்களை வெட்டி ஒட்டும் வேலையையும் தவிருங்கள். இறைவன் பெயர் இருக்கும் தாளைக் குப்பையில் போடமாட்டார்கள், தனியே சேர்த்துப் புதைப்பார்கள். விருந்து முடிந்து நான் குப்பைப்பையும் கையுமாக நின்றபோதுதான் இதைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

ஆறாம் படி: உங்கள் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது இது. ஒருமுறை துணியில் அச்சுப் பதிக்க, ஊரிலிருந்து கொண்டுவந்த மர அச்சுக்கட்டைகள் ஒரு பை நிறைய எடுத்து வைத்திருந்தேன். மாங்காய், தாமரை, மயில் என்றுதான் என் நினைப்பு. மகள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இதை எடுத்துட்டுப் போகப் போறியா?” என்று ஒரு கட்டையை நீட்டினாள். ஸ்வஸ்திகம். நமக்கு அது பிள்ளையார் முன்னால் போடும் மங்கலச் சின்னம். அந்த வீட்டுத் தாத்தா பாட்டிக்கு அது நாஜிகளின் சின்னம். சாய்வு வேறு, திசை வேறு என்று நின்று விளக்கம் சொல்லும் இடம் அது கிடையாது. கோல ஸ்டென்சில், ரங்கோலி ஸ்டிக்கர், பூஜைப் பொருள்களோடு வந்த ரிப்பன், பரிசுத் தாள் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். கலவையாக விற்கும் பாசிப் பாக்கெட்டில் சிலுவைகள் வரும், போன டிசம்பரில் மிஞ்சிய ஸ்டிக்கரில் கிறிஸ்துமஸ் தாத்தா இருப்பார், அவையும் வெளியே.

ஆறுமுனை நட்சத்திரம் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. நம் வாசலில் போடும் நட்சத்திரக் கோலமும் முருகனின் அறுகோணமும் அதே வடிவம்தான். கேட்டால் சொல்லுங்கள், நாமாகக் கோலப்பொடியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அது அவர்கள் விழா.

ஏழாம் படி: கணக்கும் இடமும்

எட்டு நாற்காலி, ஆளுக்கு 12 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 40 பேர். 60 பேர் வந்தாலும் எல்லோரும் வரமாட்டார்கள், ஆகவே எட்டு நாற்காலி போதும். பன்னிரண்டு போட்டால் காலி நாற்காலி பல்லிளிக்கும், அதைப் பார்த்து யாரும் உட்காரமாட்டார்கள். கைவேலை இரண்டு போதும், ஒன்று தனியாகச் செய்வது, ஒன்று சேர்ந்து செய்வது. என் வழக்கமான ஜோடி பாசி வளையலும் ஃப்ளீஸ் போர்வையும்.

மேசையை ஒலிபெருக்கிக்கு எதிர்மூலையில் போடச் சொல்லுங்கள், ஆனால் ஆட்டம் தெரியும்படி இருக்கட்டும். தனி அறையில் ஒதுக்கினால் அங்கே உட்காருகிற பிள்ளை ஒதுக்கப்பட்ட மாதிரி ஆகிவிடும். டிஜே வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நீலப் பாசியும் கறுப்புப் பாசியும் ஒன்றாகிவிட்டன. இப்போது சார்ஜ் போடும் இரண்டு மேசைவிளக்கு என் பெட்டியில் நிரந்தரம். சத்தத்தில் நாம் சொல்வது எதுவும் காதில் விழாது. முடித்த மாதிரி ஒன்று, பாதி செய்தது ஒன்று, தொடங்கியது ஒன்று என மூன்றை ஓர் அட்டையில் கட்டி நிற்கவைத்தால் வாயைத் திறக்கவே வேண்டாம்.

பெரியவர்கள் பானம் குடித்துப் பேசிக்கொண்டிருக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் மேசைக்கு உச்சநேரம். அப்புறம் ஹோரா நடனம் தொடங்கும், எல்லோரும் கைகோத்துச் சுற்றிவர, அந்தப் பெண்ணை நாற்காலியோடு தலைக்குமேல் தூக்குவார்கள். அப்போது மேசையை மூடிவிட்டு நீங்களும் போய்க் கைகோத்துக்கொள்ளுங்கள், கூப்பிடுவார்கள். சாப்பாடு முடிந்தபின் திரும்பத் திறக்கலாம். அந்த இரண்டாம் சுற்றில்தான் கூச்சப்படுகிற பிள்ளைகள் நீண்ட நேரம் உட்காருவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். பாதியில் விட்டதை ஜிப்லாக் கவரில் போட்டு டேப்பில் பெயர் எழுதி வைத்தால் வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்வார்கள்.

கிளம்பும்முன் இரண்டு வேலை. கொண்டுபோன கத்தரிகளை எண்ணுங்கள். தவழ்கிற தம்பி தங்கைகள் மேசைக்கடியில்தான் விளையாடியிருப்பார்கள். பிறகு ஒரு கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாசிகளைப் பொறுக்குங்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் பெண்கள் குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடுதான் ஆடுவார்கள். இதை விருந்து முடியும்வரை தள்ளிப்போடாமல், மேசையை மூடும் ஒவ்வொரு முறையும் செய்துவிடுங்கள்.